டவர் எட்டாத மலையில் ஃபோன் போதுமா?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜான் மியூர் டிரெயில் என்றொரு பாதை இருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஹேப்பி ஐல்ஸில் புறப்பட்டு, 14,505 அடி உயர விட்னி சிகரத்தில் போய் முடியும். ஏறக்குறைய 211 மைல். சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் கோடையில் இதன் ஏதாவது ஒரு துண்டை நடக்கக் கிளம்புகிறார்கள். பாதையின் நடுவாக்கில் மியூர் டிரெயில் ரான்ச் என்ற இடத்தில் கடைசி உணவு மூட்டையை வாங்கிக்கொண்டு தெற்கே நடந்தால், விட்னி வரை சுமார் 110 மைலுக்குக் குறுக்கே ஒரு தார்ச்சாலைகூடக் கிடையாது. எட்டு முதல் பத்து நாள் நடை. ஏதோ ஒரு கணவாயின் உச்சியில் சிக்னல் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். அதை நம்பி யாரும் கிளம்பக்கூடாது.

2022 நவம்பர் வரை இதில் குழப்பம் இருக்கவில்லை. ஃபோன் கேமராவுக்கும் வரைபடத்துக்கும். செய்தி அனுப்ப கார்மின் இன்ரீச் மாதிரி தனிக் கருவி. அந்த மாதம் ஆப்பிள், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஃபோன் 14-இல் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதியைத் திறந்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோது, அவசரம் இல்லாத சாதாரணச் செய்தியும் அதே வழியில் போகத் தொடங்கியது. அதே ஆண்டு கூகுளின் பிக்சல் 9-உம் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி வசதியோடு வந்தது. 2025 ஜூலையில் டி-மொபைல், ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை வானத்தில் தொங்கும் டவர்களாகப் பயன்படுத்தும் சேவையைத் தொடங்கியது. இப்போது நியாயமாகவே ஒரு கேள்வி எழுகிறது: கையில் இருக்கும் ஃபோனே வானத்தோடு பேசும்போது, 300, 400 டாலர் கொடுத்து இன்னொரு கருவியும் மாதச் சந்தாவும் எதற்கு?

காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு, கூட்டமாகப் போகிற நடைக்கு, ஃபோன் போதும். இரவு தங்கும் நடை, தனி நடை, பனிச்சரிவு, ஆற்றைக் கடப்பது என்று வந்துவிட்டால் தனிக் கருவி வேண்டும். இப்படிச் சொல்வது ஃபோனின் செயற்கைக்கோள் வசதி மட்டம் என்பதால் இல்லை. ஃபோன் பத்து வேலை செய்கிறது. அதனாலேயே பதினோராவது வேலைக்குத் தேவைப்படும் நேரத்தில் அது சார்ஜ் இழந்தோ, உடைந்தோ, நனைந்தோ கிடப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஃபோனுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். 2022 டிசம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே ஏஞ்சலஸ் தேசியக் காட்டில் ஒரு கார் சாலையிலிருந்து உருண்டு மங்கி கேன்யன் என்ற பள்ளத்தில் சுமார் 300 அடி கீழே விழுந்தது. டவர் இல்லை. உள்ளே இருந்த இருவரும் ஐஃபோன் 14 வழியாகச் செய்தி அனுப்பினார்கள். அது ஆப்பிளின் இடைநிலை மையத்துக்குப் போய், அங்கிருந்து கவுண்ட்டி ஷெரிஃபுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டு, ஹெலிகாப்டர் வந்து இருவரையும் தூக்கிக்கொண்டு போனது. அவர்கள் நடைக்குக் கிளம்பியவர்கள் அல்லர். பையில் இன்ரீச் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. எதற்கும் ஆயத்தமாகாத ஒருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது என்பதுதான் ஃபோனின் பெரிய பலம். அந்த வகையில் இந்த வசதி காப்பாற்றப்போகும் உயிர்கள் எல்லாத் தனிக் கருவிகளும் சேர்ந்து காப்பாற்றியதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

மேலே இருப்பது யாருடையது

எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன், அது எந்தச் செயற்கைக்கோளோடு பேசுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு விதம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பள்ளத்தாக்கில் நடந்துகொள்ளும் முறை வேறு.

இன்ரீச், அதே மாதிரித் தனிக் கருவியான ஸோலியோ இரண்டும் இரிடியம் என்ற செயற்கைக்கோள் கூட்டத்தைப் பயன்படுத்துகின்றன. 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 செயற்கைக்கோள்கள், துருவத்துக்குத் துருவம் ஆறு வரிசையாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் பூமியை ஒரு முறை சுற்ற 100 நிமிடம். தலைக்கு மேலே வரும் ஒன்று தொடுவானத்துக்குத் தொடுவானம் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம். இவை தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். அதனால் நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தரைநிலையம் இருக்க வேண்டிய அவசியமில்லை. துருவத்திலும் வேலை செய்யும், நடுக்கடலிலும் வேலை செய்யும்.

ஆப்பிள் குளோபல்ஸ்டார் என்ற கூட்டத்தைப் பயன்படுத்துகிறது. ஸ்பாட் என்ற தனிக் கருவிகளும் அதே. 1,414 கிலோமீட்டர் உயரம். இவை வெறும் கண்ணாடி மாதிரி: கீழேயிருந்து வருவதை அப்படியே தரைநிலையத்துக்குத் திருப்பி அனுப்பும். உங்களையும் ஒரு தரைநிலையத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிற செயற்கைக்கோள் இருந்தால்தான் செய்தி போகும். சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு 52 டிகிரி சாய்வு. அதற்கு மேல் வடக்கே போகப் போக அவை தெற்குத் தொடுவானத்தில் தாழ்ந்துவிடும். 62 டிகிரி வடக்குக்கு மேல் வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அலாஸ்காவின் டெனாலி 63 டிகிரியில் இருக்கிறது. அங்கே போகிறவர் ஐஃபோனை மட்டும் நம்பினால் தவறு. சியராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது 36 முதல் 38 டிகிரிக்குள்.

பிக்சலின் அவசரச் செய்தி ஸ்கைலோ நிறுவனத்தின் வழியாக, நிலநடுக்கோட்டுக்கு மேலே நகராமல் நிற்கும் செயற்கைக்கோளுக்குப் போகிறது. சியராவிலிருந்து பார்த்தால் அது தெற்கு வானத்தில், நேர் தெற்கில் இருந்தால்கூட ஏறக்குறைய 48 டிகிரி உயரத்துக்கு மேல் வராது. வடக்குப் பார்த்த சரிவில், முதுகுக்குப் பின்னால் செங்குத்துச் சுவர் இருக்கும் இடத்தில் அது மறைந்துவிடும்.

களத்தில் உதவும் ஒரு விதி இங்கிருந்து வருகிறது. இரிடியத்திலும் குளோபல்ஸ்டாரிலும் செய்தி போகவில்லை என்றால், நின்ற இடத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். தடுத்துக்கொண்டிருக்கும் மலையைத் தாண்டி அடுத்த செயற்கைக்கோள் வரும். நிலையான செயற்கைக்கோள் என்றால் விடிய விடியக் காத்திருந்தாலும் பயனில்லை. நீங்கள்தான் நகர வேண்டும், தெற்கு வானம் திறக்கிற இடம்வரை. கால் உடைந்து கிடப்பவரால் எது முடியும் என்று யோசித்தால், நகரும் செயற்கைக்கோளின் அருமை புரியும்.

டி-மொபைல், ஸ்டார்லிங்க் ஏற்பாடு நான்காவது வகை. 650-க்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்கள் மிகத் தாழ்வாகச் சுற்றுகின்றன. ஃபோனுக்கு அவை வெறும் டவராகத் தெரியும். வானத்தை நோக்கிக் குறிபார்க்கத் தேவையில்லை, பழைய ஃபோன்கள் பலவற்றிலும் இயங்கும். ஆனால் திறந்தவெளி வேண்டும். லாட்ஜ்போல் பைன் அடர்ந்த ஓடைக்கரையில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எந்த வகையானாலும் மரக்கூரை சிக்னலைத் தின்னும். மழையில் நனைந்த இலை இன்னும் கூடுதலாகத் தின்னும். வானம் திறந்திருந்தால் ஒரு செய்தி 15 வினாடியில் போகலாம் என்றும், மிதமான இலைக்கூரைக்குக் கீழே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகலாம் என்றும் ஆப்பிள் சொல்கிறது. இன்ரீச்சின் ஒலிபரப்புத் திறன் சுமார் ஒன்றரை வாட். சாதாரண ஃபோன் அதில் ஏழில் ஒரு பங்கு. குறிபார்த்துப் பிடிக்க வேண்டிய கட்டாயம் ஃபோனுக்கு ஏன் வருகிறது என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

கேட்டுக்கொண்டிருப்பது

விளம்பரங்கள் எல்லாம் எஸ்.ஓ.எஸ். என்ற அவசர அழைப்பைப் பற்றியே பேசுகின்றன. பத்து நாள் நடையில் உண்மையில் கைகொடுப்பது சாதாரணச் செய்திகள். ஆறு பெருகியிருக்கிறது, ஒரு நாள் தாமதமாகும். நாளை மதியம் இடி உண்டா. வெள்ளிக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை காரோடு வா. இவை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பல எஸ்.ஓ.எஸ். தேவைப்படாமலே போகும்.

இங்கேதான் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. இன்ரீச்சைத் தோள்பட்டையில் மாட்டி இயக்கிவிட்டால், நீங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே அது இடைவெளிவிட்டு வானத்தைக் கேட்டுக்கொள்ளும். வந்த செய்தியை வாங்கி வைக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருக்குமிடத்தை அனுப்பும். ஐஃபோன் அப்படி இல்லை. நீங்கள் நின்று, அதை எடுத்து, திரை காட்டும் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும்வரைதான் இணைப்பு. பையில் போட்டால் அறுந்துவிடும். கீழே நகரில் இருப்பவர் "கணவாயில் புயல் வருகிறது, ஏறாதே" என்று அனுப்பினால், அது நீங்கள் அடுத்த முறை ஃபோனை வானத்துக்குக் காட்டும்வரை எங்கோ காத்திருக்கும்.

இப்படி இருக்குமிடத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே வரும் தடப்பதிவின் அருமையும் இதே இடத்தில். தனியாக நடப்பவர் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தால், எந்தப் பொத்தானையும் அழுத்தப்போவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி விழுந்துகொண்டே வந்த வரைபடம் ஓரிடத்தில் நின்றுபோனால், தேடுகிறவர்களுக்கு அந்தப் புள்ளியே போதும். 110 மைலில் தேடுவதும் அரை மைலில் தேடுவதும் ஒன்றல்ல.

சார்ஜ், குளிர், தண்ணீர்

இன்ரீச் மினி 2-இன் எடை 100 கிராம். திறந்த வானத்தின் கீழ் பத்து நிமிடத் தடப்பதிவில் 14 நாள்வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. இன்ரீச் மெசஞ்சர் 114 கிராம், அதே கணக்கில் 28 நாள். காட்டுக்குள்ளும் பள்ளத்துக்குள்ளும் இது கணிசமாகக் குறையும், ஏனென்றால் செய்தி போகாதபோது கருவி திரும்பத் திரும்ப முயலும். பாதி என்று வைத்துக்கொண்டாலும் மினி 2 ஒரு வாரம் வரும்.

ஃபோனைக் காலி செய்வது செயற்கைக்கோள் அல்ல, இல்லாத டவரைத் தேடுவது. சிக்னல் இல்லாத இடத்தில் ரேடியோ முழுப் பலத்தோடு தேடிக்கொண்டே இருக்கும். நூறு சதவீதத்தில் கிளம்பிய ஃபோன் மறுநாள் மதியத்துக்குள் சிவப்புக்கு வந்துவிடும். ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜிபிஎஸ் ஏர்பிளேன் மோடிலும் வேலை செய்யும் என்பதால் இறக்கி வைத்த வரைபடம் வழக்கம்போல் இயங்கும். செயற்கைக்கோள் செய்தி அனுப்பும்போது மட்டும் மோடை அணையுங்கள், முடிந்ததும் திரும்பப் போடுங்கள். 10,000 மில்லியாம்ப்-மணி பவர் பேங்க், இழப்பெல்லாம் போக, ஃபோனை ஏறக்குறைய இரண்டு முறை நிரப்பும். படம் எடுப்பதையும் வரைபடம் பார்ப்பதையும் அளவோடு வைத்துக்கொண்டால் எட்டு நாளுக்கு இது போதும். இரவில் படம் பார்த்தால் போதாது.

குளிர் அடுத்தது. ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மினி 2-க்கு மைனஸ் 20 வரை. 13,153 அடி ஃபாரெஸ்டர் கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டால் செப்டம்பரில் இரவு உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். 40 சதவீதம் காட்டிய ஃபோன் காலையில் எடுத்ததும் அணைந்துவிடும். ஃபோனும் பவர் பேங்கும் தூக்கப் பைக்குள், உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். உறைந்த நிலையில் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் மின்கலத்துக்கு அது நிரந்தரச் சேதம். முதலில் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள்.

தண்ணீரில் ஒரு விந்தை. தரநிலையை மட்டும் பார்த்தால் ஐஃபோன்தான் மேல்: ஆறு மீட்டர் ஆழம், அரை மணி நேரம். மினி 2-க்கு ஒரு மீட்டர்தான். ஆனால் ஜூனில் பேர் க்ரீக்கையோ எவல்யூஷன் க்ரீக்கையோ இடுப்பளவு பனிநீரில் கடந்து கரையேறியபின் நடப்பதைப் பாருங்கள். ஃபோன் சாகவில்லை, ஆனால் ஈரத்திரை விரலை ஏற்காது. விறைத்த விரலையும் ஏற்காது. கேபிளைச் செருகினால், துளையில் ஈரம் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டுச் சார்ஜ் ஏற மறுக்கும், காய மணிக்கணக்காகும். இன்ரீச்சில் இருப்பவை பொத்தான்கள். கையுறையோடும் அழுத்தலாம்.

விழுவது கடைசி. மலையில் அடிக்கடி கையில் எடுக்கப்படும் பொருள் எது? ஃபோன்தான். பாறை விளிம்பில் படம் எடுக்கும்போது நழுவுவது அது. நீங்கள் வழுக்கி விழும்போது தொடைப்பையில் உங்கள் எடையையும் சேர்த்து வாங்கிக்கொள்வதும் அது.

எதை வாங்குவது

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை இன்ரீச் மெசஞ்சர் அல்லது மினி 2. மெசஞ்சர் விலை குறைவு, அறிமுக விலை 300 டாலர், மின்கலம் பெரிது. செய்தி தட்டச்சு செய்ய ஃபோன் வேண்டும், எஸ்.ஓ.எஸ்.ஸுக்கு வேண்டாம். மினி 2 அறிமுகமானபோது 400 டாலர்; ஃபோன் இல்லாமலும் நான்கைந்து பொத்தானால் எழுத்தெழுத்தாகச் செய்தி எழுதலாம், பொறுமை வேண்டும். மாதச் சந்தா திட்டத்துக்குத் திட்டம் மாறும். நடக்காத மாதங்களில் நிறுத்தி வைக்கலாம். ஸோலியோ 150 கிராம். உங்களுக்கென்று நிரந்தரமான ஒரு எஸ்.எம்.எஸ். எண் தருகிறது. வீட்டில் இருப்பவர்கள் தாமாக உங்களுக்குச் செய்தி அனுப்ப அது மிக வசதி.

ஸ்பாட் ஜென் 4-ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒருவழி. நீங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று அதற்கே தெரியாது.

பி.எல்.பி. எனப்படும் அவசர ஒலிபரப்பி வேறு ஜாதி. கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் நான்கும் 1979-இல் தொடங்கிய கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பில் அது இயங்குகிறது. 406 மெகாஹெர்ட்ஸில் 5 வாட். இன்ரீச்சைப்போல் மூன்று மடங்கு. கூடவே 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஒலி, ஹெலிகாப்டர் நெருங்கி வந்தபின் திசை பிடிப்பதற்கு. சந்தா கிடையாது, மின்கலம் ஐந்து முதல் ஏழு ஆண்டு அலமாரியில் கிடந்தாலும் கெடாது. அமெரிக்காவில் நோவா எனப்படும் கடல், வளிமண்டல நிர்வாகத்திடம் இலவசமாகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். குறை என்னவென்றால் அதற்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்: காப்பாற்று. கணுக்கால் சுளுக்கியிருக்கிறது, அவசரமில்லை, மெதுவாக இறங்குகிறேன் என்று சொல்ல அதனால் முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை தனியாகப் போகிறவருக்கு, மாதச் சந்தா பிடிக்காதவருக்கு நல்ல தேர்வு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

கருவியைப் பெட்டியிலிருந்து பாதையின் தொடக்கத்தில்தான் பிரிக்கிறார்கள் சிலர். சந்தாவைத் தொடங்கியபின் கருவி ஒரு முறை திறந்த வானத்தின் கீழ் இணைந்து பதிவு செய்துகொள்ள வேண்டும். இருபது நிமிடம்வரை ஆகலாம். மென்பொருள் புதுப்பிப்பு, தொடர்பு எண்கள், முன்கூட்டியே எழுதிவைக்கும் மூன்று செய்திகள் எல்லாமே இணையம் இருக்கும்போது செய்து, கருவியோடு ஒத்திசைத்துவிட வேண்டியவை. அந்த மூன்று செய்திகள் பெரும்பாலான திட்டங்களில் கட்டணமில்லாமல் போகும் என்பதால், அவற்றை யோசித்து எழுதுங்கள். "நலம்" என்பது ஒன்றும் சொல்லாத செய்தி. "கூடாரம் போட்டாயிற்று, திட்டப்படி நடக்கிறது", "தாமதம், ஆபத்தில்லை, ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்", "மலையிலிருந்து வெளியே வந்துவிட்டோம்" என்ற மூன்றும் வேலைக்கு ஆகும்.

ஐஃபோனில் ஐமெசேஜ் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவசரத் தொடர்பாளர்களையும் குடும்பக் குழுவையும் வீட்டிலேயே அமைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால்தான் நீங்கள் முதலில் எழுதாமலே அவர்களால் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியும். எமர்ஜென்சி எஸ்.ஓ.எஸ். அமைப்புப் பக்கத்தில் செயல்விளக்கம் ஒன்று இருக்கிறது. அதை வீட்டு மொட்டைமாடியிலோ பூங்காவிலோ ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஃபோனை எப்படித் திருப்ப வேண்டும் என்பது கைக்குப் பழகிவிடும். சீனப் பெருநிலத்திலோ ஹாங்காங்கிலோ வாங்கிய ஐஃபோன் என்றால் இந்த வசதியே இருக்காது. பயன்படுத்திய ஃபோன் வாங்கியவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும்.

கருவியை மாட்டும் இடம்: பையின் தோள்பட்டை, ஆன்டெனா மேல்நோக்கி. பைக்குள் சமையல் பாத்திரத்துக்குக் கீழே கிடக்கும் இன்ரீச் சுமைதான். உங்கள் உடம்பும் பெரும்பாலும் தண்ணீர், சிக்னலை மறைக்கும். பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கும்போது கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுவது அங்கேதான்.

தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: எழுத வேண்டாம். எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து 160 வரை கொள்ளும். தமிழ் எழுத்து ஒன்றேனும் வந்துவிட்டால் அளவு 70-ஆகச் சுருங்கும். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "வந்துவிட்டோம்" நம் கணக்கில் ஏழு எழுத்து, எஸ்.எம்.எஸ். கணக்கில் பதின்மூன்று. ரோமன் எழுத்தில் தமிழை அடித்து அனுப்புங்கள், அம்மாவுக்குப் புரியும். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு என்றால் இந்திய எண்ணுக்குப் போகும் எஸ்.எம்.எஸ்.ஸை நம்பாமல் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். கிளம்புமுன் ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, அது குப்பைப் பெட்டிக்குள் விழவில்லை என்று பாருங்கள். சியராவில் மாலை 7 மணி என்றால் மதுரையில் மறுநாள் காலை ஏழரை. எந்த நேரத்தில் எதிர்பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வீட்டில் இருப்பவருக்கு எழுத்தில் ஒரு தாள் தேவை. நடைத்திட்டம், அனுமதிச் சீட்டின் நகல், கூடாரத்தின் நிறம், உடன் வருபவர்களின் பெயர், கூப்பிட வேண்டிய எண். கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் என்றால் பூங்கா ரேஞ்சர்கள். விட்னியின் கிழக்குச் சரிவு என்றால் இன்யோ கவுண்ட்டி ஷெரிஃப். இவற்றோடு, மௌனத்துக்கு என்ன பொருள் என்பதையும் முன்பே பேசி எழுதிவிட வேண்டும். ஒரு மாலைச் செய்தி வரவில்லை என்றால் எதுவும் செய்ய வேண்டாம்: கருவி கெட்டிருக்கலாம், பள்ளத்தில் கூடாரம் போட்டிருக்கலாம். வெளியே வருவதாகச் சொன்ன நேரத்துக்குப்பின் இத்தனை மணிநேரம் கழிந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு எண்ணைக் குறித்துக் கொடுங்கள். இந்தத் தாள் இல்லாததால் எழும் பீதி, கருவியே இல்லாதிருந்த காலத்தில்கூட இருந்ததில்லை. தினமும் செய்தி பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு நாள் மௌனம் தாங்காது.

பொத்தானை அழுத்தும்போது

உயிர், கை கால், கண்பார்வை. இவற்றில் ஒன்றுக்கு ஆபத்து என்றால் அழுத்துங்கள், தயங்க வேண்டாம். தேசியப் பூங்காவில் மீட்புக்குப் பணம் கேட்பார்களோ என்ற அச்சத்தில் இருட்டும்வரை காத்திருப்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் தேடுதலுக்கும் மீட்புக்கும் கட்டணம் வாங்குவதில்லை. தாமதம்தான் மீட்பை ஆபத்தாக்குகிறது. ஹெலிகாப்டருக்குப் பகல் வேண்டும், மதிய இடிமேகம் திரள்வதற்கு முந்தைய காலை நேரம் வேண்டும்.

மினி 2-இல் மூடியைத் தூக்கி, எஸ்.ஓ.எஸ். பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்கு ஒவ்வொரு நிமிடமும் இருக்குமிடம் போகும். அதன்பின் நகர்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று, அசையாமல் இருந்தால் அரை மணிக்கு ஒன்று. கருவியை அணைக்கக்கூடாது. திறந்த இடத்தில் வையுங்கள், கூடாரத்துக்குள் வேண்டாம். ஐஃபோனில் முதலில் 911-ஐ அழையுங்கள். அழைப்பு போகாதபோது செயற்கைக்கோள் வழி எழுதும் தெரிவு தானாகத் திரையில் வரும். அது கேட்கும் கேள்விகளுக்குத் தட்டிப் பதில் சொன்னால், இருக்குமிடம், மருத்துவக் குறிப்பு, மீதி சார்ஜ் எல்லாம் சேர்ந்து போகும். அந்தக் கேள்விப்பட்டியல் நன்றாக வடிவமைக்கப்பட்டது. பதற்றத்தில் இருப்பவருக்கு வெற்றுத் திரையைவிட எவ்வளவோ மேல்.

இன்ரீச்சில் வெற்றுத் திரைதான். அதனால் முதல் செய்தியின் வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: யார், என்ன ஆனது, இப்போது நிலை, எத்தனை பேர், கையில் என்ன இருக்கிறது. "ஆண், 34. 20 அடி விழுந்தார். வலது தொடையெலும்பு முறிவு. நினைவு தெளிவு, நடக்க முடியாது. மொத்தம் இருவர். கூடாரமும் இரண்டு நாள் உணவும் உண்டு." இவ்வளவையும் ஆங்கிலத்தில் 160 எழுத்துக்குள் அடக்கிவிடலாம். பெயர், ஊர், மன்னிப்பு எதுவும் முதல் செய்தியில் வேண்டாம்.

அமைவிடத்தை வேறொருவருக்குக் கையால் எழுதி அனுப்ப நேர்ந்தால் இரண்டு இடத்தில் சறுக்கும். விட்னி உச்சி தசமத்தில் 36.5786, -118.2920. அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் புள்ளி சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் போய் விழும். 36.5786 என்பதைப் பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று தவறாகப் பிரித்து 36 பாகை 57.86 கலை என்று படித்தால், 40 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிப்போய்விடும். சரியானது 36 பாகை 34.7 கலை. எண்களோடு "தசமப் பாகை" என்றும், பக்கத்து ஏரி அல்லது கணவாயின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்றால் எதிர்முனையில் இருப்பவர் உடனே கேட்பார்.

அழுத்தியபின் நிமிடக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். மணிக்கணக்கு, வானிலை கெட்டால் மறுநாள். உடம்பைச் சூடாக வைத்து, ஓரிடத்தில் இருங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகாதீர்கள்

இமயமலைக்கோ மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ போகலாம் என்று, அமெரிக்காவில் வாங்கிய இன்ரீச்சைப் பெட்டியில் போட்டுக்கொண்டு ஊருக்கு விமானம் ஏற நினைப்பவர்களுக்கு இது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்கு அடிப்படையாக இருந்து வந்தவை. இன்ரீச்சைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டு நடைப்பயணிகள் அண்மை ஆண்டுகளில் இந்திய விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டு, வழக்கையும் சந்தித்திருக்கிறார்கள். கருவியை அணைத்து வைத்திருந்தேன், சந்தா இல்லை என்பதெல்லாம் எடுபடாது. அங்கே நடக்கும்போது உள்ளூர் வழிகாட்டியும், வனத்துறை அனுமதியும், கீழே ஊரில் நேரம் குறித்துக் காத்திருக்கும் ஒருவரும்தான் வழி. ஐஃபோனின் செயற்கைக்கோள் வசதியையும் ஆப்பிள் இந்தியாவில் திறக்கவில்லை.

நடை முடியும் நாளைப் பற்றி ஒன்று. விட்னி போர்ட்டலுக்கு இறங்கியதும் களைப்பில் காரில் ஏறி, 13 மைல் தள்ளி லோன் பைன் ஊரில் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர் கையில் இருக்கும் தாளின்படி அப்போதும் நீங்கள் மலைக்குள்தான். மூன்றாவது செய்தியை, "மலையிலிருந்து வெளியே வந்துவிட்டோம்" என்பதை, பையைக் கழற்றுமுன் போர்ட்டலிலேயே அனுப்புங்கள். போய்விட்டது என்ற அடையாளம் திரையில் வரும்வரை காரில் ஏறாதீர்கள், தகரக் கூரைக்குள் அது போகாது. பிறகு தடப்பதிவை நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் சந்தாவை நிறுத்தி வைத்து, மின்கலத்தைப் பாதி சார்ஜில் அலமாரியில் வையுங்கள்.